புது ஹெச்டி லைன் போடாம பழைய லைனையே பெருசாக்க முடியாதா?

நிழல்தேடி:
வணக்கம் மக்களே. நான் எலக்ட்ரிக்கல் ஆளு கிடையாது, காடு, பறவை, மரம்னு சுத்துற ஆளு, அதனால கேள்வி சின்னப்புள்ளத்தனமா இருந்தா திட்டாம பதில் சொல்லுங்க. விஷயம் என்னன்னா, காட்டு வழியா ஏற்கனவே ஒரு பழைய ஹெச்டி (ஹை டென்ஷன், அதாவது உயர் அழுத்த மின்) லைன் போகுதுன்னு வைங்க. இப்போ எலக்ட்ரிக் வண்டி, டேட்டா சென்டர், சோலார், காத்தாலைன்னு எல்லாம் சேர்ந்து லோடு ஏறிடுச்சு, பழைய லைன் தாங்காதுன்னு சொல்லி பக்கத்துலயே இன்னொரு டவர் லைன் போடணும்ங்குறாங்க, அதுக்கு இன்னொரு பட்டை அகலத்துக்கு மரம் வெட்டணும். இந்த மாதிரி எல்லா இடத்துலயும் நடக்குது. சோலாரும் வேணும், அதைக் கொண்டுவர லைனும் வேணும்னு எனக்குப் புரியுது, நான் வேணாம்னு சொல்ற கோஷ்டி இல்ல. ஆனா டவர் அப்படியே இருக்க கம்பிய மட்டும் மாத்தினா டபுள் கரண்ட் போகும்னு ஒருத்தர் சொல்றாரு, மண்ணுக்குள்ள கேபிளா போட்டா பிரச்சனையே இல்லைன்னு இன்னொருத்தர் சொல்றாரு, சப்ஸ்டேஷன்ல இருக்கற கேஸ் தான் மரத்தை விட பெரிய ஆபத்துன்னு மூணாவது ஆளு சொல்றாரு. இதுல எது உண்மை, எது சும்மா அடிச்சு விடுறது?

கம்பிக்காரன்:
கம்பிய மாத்துறது உண்மைதான். லைன் வேலைலயே வயசு போன ஆளு சொல்றேன், கேட்டுக்கோங்க.

சாதாரண லைன்ல இருக்கற கம்பி நடுவுல ஸ்டீல், சுத்தி அலுமினியம். கரண்ட் ஏற ஏற கம்பி சூடாகும், சூடானா நீளும், நீண்டா தொய்யும். தொய்வு ஒரு அளவுக்கு மேல போனா கீழ இருக்கற மரத்துக்கோ வண்டிக்கோ கிட்ட வந்துரும், அதனாலதான் இவ்ளோ ஆம்பியர்னு லிமிட் வைக்கிறாங்க. அலுமினியம் உருகிடும்னு பயந்து இல்ல, தொய்வுக்குப் பயந்துதான் பெரும்பாலும். இப்போ நடுவுல ஸ்டீலுக்குப் பதிலா கார்பன் ஃபைபர் கலந்த கோர் வருது, சூட்டுல ரொம்ப கம்மியாதான் நீளும். கோர் மெலிசாவும் லேசாவும் இருக்கறதால அதே தடிமன், அதே வெயிட்டுல கூடுதலா அலுமினியம் அடைக்கலாம், இழைகளை வட்டமா இல்லாம சரிவகமா செஞ்சு நெருக்கி அடுக்கினா கால் பங்கு வரைக்கும் கூட ஏறும். அதனால டவர மாத்தாம கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கரண்ட் விடலாம்ங்குறது கதை இல்ல. அமெரிக்காவுல டெக்ஸாஸ் தெற்கு மூலைல, ரியோ கிராண்டே பள்ளத்தாக்குல, 345 கேவி (கிலோவோல்ட்) லைன்ல ஷட்டவுனே எடுக்காம லைவ்லயே கம்பி மாத்தினாங்க, 2015ல முடிஞ்சுது. அங்க இருந்த லைனை நிறுத்தினா ஏரியாவே இருட்டாகிடும்ங்குற நிலைமை, வேற வழி இல்ல. பெல்ஜியம், நெதர்லாந்துலயும் பழைய லைன்ல கம்பி மாத்துறது வாடிக்கையா நடக்குது.

ஆனா "டவர் அப்படியே"ன்னு வாயால சொல்றது ஈஸி. முப்பது நாப்பது வருஷ டவர்னா ஃபவுண்டேஷன் பாக்கணும், முக்கியமா லைன் திரும்புற இடத்து ஆங்கிள் டவர் பாக்கணும், துரு பாக்கணும், இன்சுலேட்டர் மாத்தணும், கம்பிய பிடிக்கிற கிளாம்ப், ஜாயிண்ட் எல்லாம் புது சூட்டுக்கு ஏத்ததா வேணும். கார்பன் கோரை ஸ்டீல் மாதிரி கண்டபடி வளைச்சா உள்ள விரிசல் விட்டுரும், வெளிய தெரியாது, பின்னாடி ஒருநாள் அறுந்து விழும். இழுக்கத் தெரிஞ்ச ஆளுங்க வேணும்.

பெர்யூனிட்:
கம்பிக்காரன் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, ஆனா ஒரு பெரிய "ஆனா" இருக்கு, அதை யாரும் கருத்துக்கேட்பு கூட்டத்துல சொல்றதில்ல.

லைனுக்கு சூடு மட்டும் லிமிட் இல்ல. குட்டை லைன், ஒரு 80 கிலோமீட்டருக்குள்ள, அங்க சூடுதான் முதல்ல இடிக்கும். அதுக்கு மேல போனா கம்பி சூடாகறதுக்கு முன்னாடியே லைனோட மறு முனைல வோல்டேஜ் விழுந்துரும். இன்னும் ரொம்ப நீளமான லைன்னா ஸ்டெபிலிட்டி, அதாவது ரெண்டு பக்க ஜெனரேட்டரும் ஒண்ணோடொண்ணு தாளம் தப்பாம ஓடணும்ங்குறது, அதுதான் லிமிட். 1953ல செயிண்ட் கிளேர்னு ஒரு இஞ்சினியர் இதை ஒரே கிராஃபா போட்டுக் காட்டினாரு, இன்னைக்கும் பிளானிங்ல முதல்ல எடுக்கறது அந்த கிராஃப் தான். அதனால 300 கிலோமீட்டர் லைன்ல காஸ்ட்லி கம்பிய மாத்திட்டு டபுள் ஆகும்னு உக்காந்திருந்தா ஒண்ணும் நடக்காது. அங்க வேண்டியது வோல்டேஜ விழாம தாங்கற சாதனங்க, அதாவது சீரிஸ் கப்பாசிட்டர், ரியாக்டிவ் பவர் சப்போர்ட், இல்லன்னா மூடின பழைய தெர்மல் ஸ்டேஷன் இடத்துலயே ஒரு சிங்க்ரோனஸ் கண்டென்சர் (கரண்ட் உற்பத்தி பண்ணாம சும்மா சுத்தி வோல்டேஜ தாங்கற மெஷின்). இதெல்லாம் ஏற்கனவே இருக்கற வளாகத்துக்குள்ளயே முடிஞ்சுரும், ஒரு மரம் வெட்ட வேண்டியதில்ல.

அதோட, கம்பிய மாத்தறதுக்கும் முன்னாடி செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. லைனோட ரேட்டிங்க எப்படி போடுறாங்க தெரியுமா? நல்ல வெயில், 40 டிகிரி சூடு, காத்து நொடிக்கு அரை மீட்டர் சொச்சம் தான்னு மோசமான நிலைமைய கற்பனை பண்ணி வருஷம் பூரா அதே நம்பர். நிஜத்துல காத்து அடிக்கும்போது, அதுவும் கம்பிக்குக் குறுக்க அடிக்கும்போது, கம்பி நல்லா ஆறும். காத்தாலை ஃபுல்லா ஓடுற நேரமும் அதேதான்ங்குறத கவனிங்க, எப்ப லைன்ல லோடு அதிகமோ அப்பவே லைனுக்குக் கூலிங்கும் அதிகம். கம்பில சென்சார் மாட்டி அந்தந்த நேரத்து ரேட்டிங்க கணக்கு பண்றதுதான் டைனமிக் லைன் ரேட்டிங். பெல்ஜியத்துல வருஷக்கணக்கா ஓடுது. அமெரிக்காவுல 2021ல எஃப்இஆர்சி (அங்க இருக்கற மின்சார ஒழுங்குமுறை ஆணையம்) போட்ட ஆர்டர் 881 இதோட முதல் படிதான், குறைஞ்சபட்சம் அன்னைக்கு இருக்கற வெப்பநிலைய வெச்சாவது ரேட்டிங் போடுங்கப்பான்னு.

ஜெர்மனில இதை ஒரு வரிசையாவே வெச்சிருக்காங்க, நோவா கொள்கைம்பாங்க. முதல்ல இருக்கறத சரியா பயன்படுத்து, பத்தலன்னா பலப்படுத்து, அதுவும் பத்தலன்னா மட்டும் புதுசு போடு. ஒரே பட்டைல பழைய ஏசி டவர்லயே ஒரு சர்க்யூட்ட டிசியா மாத்துற அல்ட்ராநெட் பிராஜெக்ட் அங்கதான் நடக்குது, சுமார் 340 கிலோமீட்டர், 2 ஜிகாவாட். காட்டுக்குப் புது சேதாரம் கம்மி. ஆனா ரெண்டு முனைலயும் ஏசிய டிசியா மாத்துற கன்வர்ட்டர் ஸ்டேஷன் வேணும், அதுக்கு இடமும் பணமும் சும்மா இல்ல.

நிழல்தேடி:
இவ்ளோ விவரமா சொன்னதுக்கு ரெண்டு பேருக்கும் நன்றி. ரேட்டிங் மேட்டர் எனக்கு சுத்தமா தெரியாது. சரி, அப்போ கேபிள்? மண்ணுக்குள்ள போட்டா கண்ணுக்கும் தெரியாது, பறவையும் மோதாது, புயலுக்கும் விழாது. ஏன் எல்லாரும் மழுப்புறாங்க, காசுக்காகவா?

ஜாயிண்ட்பே:
காசும்தான், ஆனா காசு மட்டும் இல்ல. கேபிள் ஜாயிண்ட் போடுறதுதான் என் தொழில், கேபிளுக்கு ஆதரவா பேசினா எனக்குத்தான் லாபம், இருந்தும் சொல்றேன், காட்டுக்குள்ள கேபிள்னா நான் ரெண்டு தடவ யோசிப்பேன்.

டவர் லைன்ல டவர் நிக்கற இடத்துல மட்டும்தான் தோண்டணும், நடுவுல கம்பி பள்ளத்தாக்கையே தாண்டிப் போயிரும். கேபிள்னா முழு நீளத்துக்கும் தோண்டணும். 400 கேவில ரெண்டு சர்க்யூட்னா வேலை நடக்கும்போது டிரெஞ்ச், தோண்டின மண்ணு வைக்க இடம், லாரி போற பாதைன்னு 30, 40 மீட்டர் அகலம் கூட கேக்கும். முடிச்சு மூடினாலும் மேல ஆழமா வேர் விடுற மரம் வெக்க விடமாட்டாங்க, ஏன்னா வேர் கேபிளையும் கெடுக்கும், மண்ணோட ஈரத்தையும் உறிஞ்சும், மண்ணு காஞ்சா கேபிளோட சூடு வெளிய போகாது. ஆக காட்டுல பட்டை பட்டையாத்தான் இருக்கும், டவர் மட்டும் இருக்காது. சதுப்பு நிலம், பாறை, ஓடைன்னா இன்னும் மோசம். கிட்டத்தட்ட கிலோமீட்டருக்கு ஒரு ஜாயிண்ட் பே (கேபிள் துண்டுகள இணைக்கற குழி), அதுக்கு வாழ்நாள் பூரா வண்டி போக வழி வேணும். ஃபால்ட் ஆனா டவர் லைன்ல மணிக்கணக்கு, கேபிள்ல வாரக்கணக்கு, சில சமயம் மாசம்.

அப்புறம் ஏசி கேபிள் ஒரு நீளத்துக்கு மேல போகவே போகாது. கேபிள் ஒரு பெரிய கப்பாசிட்டர், தண்ணி அந்தப் பக்கம் வர்றதுக்கு முன்னாடி நீளமான ஹோஸ் பைப்பே முதல்ல ரொம்பணும்ல, அந்த மாதிரி, ஒவ்வொரு சைக்கிளுக்கும் கேபிளயே சார்ஜ் பண்ணவே கரண்ட் செலவாகும். 50, 80 கிலோமீட்டர் தாண்டினா இடையில ரியாக்டர் ஸ்டேஷன் (அணு உலை இல்ல, அந்த சார்ஜ் கரண்ட ஈடுகட்டற காயில்) கட்டணும், அதுக்கும் இடம் வேணும். டிசிக்கு இந்தத் தொல்லை இல்ல, அதனாலதான் ஜெர்மனில சூட்லிங்க்னு ஒரு 700 கிலோமீட்டர் லைன மண்ணுக்கடில போடுறாங்க, அது 525 கேவி டிசி. 2015ல இந்த மாதிரி டிசி லைனுக்கெல்லாம் கேபிளுக்குத்தான் முன்னுரிமைன்னு சட்டம் போட்டாங்க, எதிர்ப்பு குறையும்னு நினைச்சாங்க, குறைஞ்சுது, ஆனா பிராஜெக்டே வருஷக்கணக்குல தள்ளிப்போச்சு.

கேபிள் எங்க சரின்னா: ஊருக்குள்ள, ஏற்கனவே ரோடு இருக்கற இடத்துல ரோட்டோரமா, அல்லது பறவைக் கூட்டம் கடக்கற குட்டையான ஒரு துண்டுல. இங்கிலாந்துல டார்செட்ல அழகுக்காகவே 22 டவர எடுத்துட்டு ஒன்பது கிலோமீட்டருக்குக் கிட்ட கேபிள் போட்டாங்க. சின்னத் துண்டு, திறந்த புல்வெளி, அங்க பொருந்தும்.

வலசை:
பறவைன்னு பேச்சு வந்ததால உள்ள வர்றேன். ரெண்டு வேற வேற பிரச்சனைய எல்லாரும் ஒண்ணா குழப்புறாங்க.

பெரிய டவர் லைன்ல பறவை ஷாக் அடிச்சு சாகறது அபூர்வம், கம்பிக்குக் கம்பி தூரம் ஜாஸ்தி. அங்க மோதித்தான் சாகும், அதுவும் பெரும்பாலும் உச்சில இருக்கற எர்த் வயர்ல (மின்னல் தாங்கற கம்பி), அது மெலிசு, கண்ணுக்குத் தெரியாது, கீழ இருக்கற தடி கம்பியப் பாத்து மேல எழும்பி நேரா அதுல போய் அடிக்கும். கானமயில் வகைப் பறவைகளுக்கு கண்ணு தலைக்குப் பக்கவாட்டுல, பறக்கும்போது தலையத் தாழ்த்தி கீழ பாத்தா முன்னாடி என்ன இருக்குன்னே தெரியாது. உடம்பும் கனம், சட்டுனு திரும்பவும் முடியாது. இந்தியாவுல கானமயிலுக்காக 2021ல சுப்ரீம் கோர்ட் லைன மண்ணுக்கடில போடச் சொல்லி உத்தரவு போட்டுச்சு, 2024ல அதைத் தளர்த்தி எங்க முடியும் முடியாதுன்னு பாக்க நிபுணர் குழு போட்டுச்சு. ஜாயிண்ட்பே சொன்ன அதே கஷ்டம்தான் அங்கயும் வாதமா வந்துச்சு. பறவைக்குக் கண்ணுல படற மாதிரி கம்பில டைவர்ட்டர் மாட்டினா மோதல் குறையும், ஆனா நிக்காது, அதுவும் கானமயிலுக்கு பலன் கம்மி.

ஷாக் அடிச்சு சாகறது எங்கன்னா சின்ன டிஸ்ட்ரிபியூஷன் போஸ்ட்ல, 11 கேவி, 33 கேவி மாதிரி. கழுகு, ஆந்தை இரும்பு கிராஸ் ஆர்ம் (போஸ்ட்ல குறுக்க இருக்கற சட்டம்) மேல உக்காந்து றெக்கைய விரிச்சா கம்பில பட்டு முடிஞ்சுது. இதைச் சரி பண்றது ரொம்ப சீப்: இன்சுலேட்டர கிராஸ் ஆர்முக்கு கீழ தொங்க விடு, பக்கத்துல இருக்கற கம்பிக்கு ஒரு உறை போடு. லைன் அப்கிரேட் பண்ணப் போறப்பவே சேத்து செஞ்சா தனியா செலவே இல்லங்கற அளவுதான். ஆனா கூட்டத்துல எல்லாரும் பெரிய டவரப் பத்தியே சண்ட போடுவாங்க, போஸ்ட யாரும் கண்டுக்கிறதில்ல, எனக்கு அதுதான் கடுப்பு.

இன்னொண்ணு, லைனுக்குக் கீழ இருக்கற பட்டைய மொட்டையடிக்கணும்னு எந்த விதியும் இல்ல. உயரமா வளர்ற மரம் மட்டும்தான் ஆகாது. அமெரிக்காவுல பென்சில்வேனியால 1953லேர்ந்து ஒரே இடத்துல இதை வெச்சு ஆராய்ச்சி நடக்குது, களைக்கொல்லி அடிச்சா விலங்குக்கு ஆபத்துன்னு வேட்டைக்காரங்க கத்தினதால ஆரம்பிச்சது. மரக்கன்ன மட்டும் பொறுக்கி எடுத்துட்டு புதர விட்டு வெச்சா, புதரே மரத்த வளர விடாது, தேனீ பட்டாம்பூச்சிக்கும் நல்ல இடம். பெல்ஜியம், ஃபிரான்ஸ்ல 2011-2017ல லைஃப்ங்குற ஐரோப்பிய யூனியன் நிதி பிராஜெக்ட்டா குளம் வெட்டி, ஆடுமாடு மேயவிட்டுக் காட்டினாங்க, வருஷா வருஷம் மெஷின் விட்டு வெட்டறத விட நீண்ட காலத்துல செலவும் கம்மி. இருந்தாலும் அடர்ந்த காட்டுக்குள்ள நிழல்லயே வாழ்ற ஜீவனுக்கு எந்தப் பட்டையும் வெட்டுதான், அத மறைக்கல.

வேக்கம்காரன்:
கேஸ் பத்தி யாரும் தொடல. மூணாவது ஆளு சொன்னது பாதி உண்மை. சப்ஸ்டேஷன் பிரேக்கர்ல (ஃபால்ட் ஆனா லைன துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கற எஸ்எஃப்6 கேஸ், ஒரு கிலோ கசிஞ்சா சுமார் 24 டன் கார்பன் டை ஆக்சைடு விட்டதுக்குச் சமம், நூறு வருஷக் கணக்குல. காத்துல பல நூறு வருஷம் அப்படியே நிக்கும். ஆனா அது மூடின டப்பாக்குள்ள இருக்கு, நல்லா பராமரிச்சா கசிவு ரொம்ப கம்மி. மோசம் எங்கன்னா சீல் போன பழைய பிரேக்கர், அலட்சியமா கேஸ் ரொப்புறது, கடைசில ஸ்கிராப் பண்ணும்போது உறிஞ்சி எடுக்காம திறந்து விடுறது. மரத்த விடப் பெருசான்னு கேட்டா அப்படி ஒப்பிடவே கூடாது, இது வேற கணக்கு.

ஐரோப்பால 2024ல புது சட்டம் வந்து, 24 கேவி வரைக்கும் புதுசா எஸ்எஃப்6 சுவிட்ச்கியர் 2026லேர்ந்து வைக்கக் கூடாது, பெரிய வோல்டேஜுக்கு 2032 வரைக்கும் படிப்படியா. மீடியம் வோல்டேஜ்ல வேக்கம் இன்டரப்டரும் (வெற்றிடத்துல கரண்ட துண்டிக்கிற சுவிட்ச்) உலர் காத்தும் போதும். பெரிய வோல்டேஜ்ல ஃப்ளோரோநைட்ரைல் கலந்த கேஸ் வந்துச்சு, சூடாக்குற தன்மை ரொம்ப கம்மி, ஆனா அதுவும் ஒரு ஃப்ளோரின் கெமிக்கல், பிஃபாஸ் (இயற்கைல லேசுல மக்காத ஃப்ளோரின் கெமிக்கல்) வகைல மாட்டுது, 3எம் கம்பெனி 2022ல பிஃபாஸ் தயாரிப்பையே நிறுத்தப் போறதா அறிவிச்சதுல அந்தப் பாதை தடுமாறிடுச்சு.

அதவிட டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்ல இருக்கற லாபம் நிறைய பேருக்குத் தெரியல. மினரல் ஆயிலுக்குப் பதிலா தாவர எண்ணெய்லேர்ந்து எடுக்கற எஸ்டர் ஊத்தினா, தீப்பிடிக்கிற வெப்பநிலை 160, 170லேர்ந்து 300 டிகிரிக்கு மேல போகுது, மண்ணுல கொட்டினாலும் மக்கிடும். காட்டோரம், ஆத்தோரம் இருக்கற சப்ஸ்டேஷனுக்கு இதத்தான் கேக்கணும். ரொம்ப பழைய டிரான்ஸ்ஃபார்மரா இருந்தா எண்ணெய்ல பிசிபிங்குற நச்சு கெமிக்கல் இருக்கான்னு டெஸ்ட் கேளுங்க, ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப்படி அதெல்லாம் 2025க்குள்ள பயன்பாட்டுலேர்ந்தே போயிருக்கணும்.

எர்த்ஃபால்ட்:
எல்லாம் சரி, ஆனா ஒரு மாற்றுக் கருத்து. "பழசையே தட்டிக்கொட்டி ஓட்டுவோம்"ங்குறது சூழலுக்கு நல்லதுன்னு எப்பவும் எடுத்துக்காதீங்க. 2018ல கலிஃபோர்னியால கேம்ப் ஃபயர், 85 பேர் செத்தாங்க, ஒரு ஊரே போச்சு, காடு எவ்ளோ போச்சுன்னு சொல்லவே வேணாம். காரணம் கிட்டத்தட்ட நூறு வருஷப் பழைய டவர்ல தேஞ்சு போன ஒரு கொக்கி. புதுசு போடுறத எதிர்த்துக்கிட்டே இருந்தா கடைசில பழசு தொங்கிக்கிட்டே இருக்கும்.

அதோட லைன் இல்லாம காத்துக் கிடக்கற சோலார், காத்தாலை எவ்ளோன்னு பாருங்க. ஐஇஏ (சர்வதேச எரிசக்தி அமைப்பு) 2023ல போட்ட ரிப்போர்ட்படி குறைஞ்சது 3,000 ஜிகாவாட் கிரிட் கனெக்ஷனுக்காக வரிசைல நிக்குது, 2040க்குள்ள உலகம் முழுக்க 8 கோடி கிலோமீட்டர் லைன் சேக்கணும் இல்ல மாத்தணும். அதுல பெரும்பகுதி பழைய பட்டைல முடியும்னாலும் முழுக்க முடியாது. ஒரு லைனுக்குப் பத்து வருஷம் சண்ட போட்டா அந்தப் பத்து வருஷமும் நிலக்கரிதான் எரியும், அதையும் கணக்குல சேருங்க.

பெர்யூனிட்:
@எர்த்ஃபால்ட் ஒத்துக்கறேன், ஆனா அந்த வாதத்த வெச்சு எல்லா புது லைனையும் நியாயப்படுத்துறாங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. வருஷத்துல கொஞ்ச மணி நேரம் மட்டும் ஓவர்லோடு ஆகுற லைனுக்கு புது லைன் எதுக்கு? நியூயார்க்ல புரூக்ளின்-குயின்ஸ்ல 2014ல நூறு கோடி டாலருக்கு மேல ஆகுற சப்ஸ்டேஷன் கட்டறதுக்குப் பதிலா, அதுல சுமார் ஆறுல ஒரு பங்கு காசுல பில்டிங்ல விளக்கு மாத்தி, பேட்டரி வெச்சு, பீக் நேரத்து லோட குறைச்சு தள்ளிப் போட்டாங்க.

நிழல்தேடி:
தல சுத்துது ஆனா நல்லா இருக்கு. கருத்துக்கேட்பு கூட்டம் மாதிரி ஒண்ணுல மூணு நிமிஷம்தான் பேச விடுவாங்கன்னு வைங்க, எதைக் கேக்குறது?

பெர்யூனிட்:
மரத்தப் பத்தி மத்தவங்க பேசட்டும், நீங்க இதக் கேளுங்க. லிமிட் சூடா, வோல்டேஜா, ஸ்டெபிலிட்டியா? லிமிட்ட தாண்டுறது வருஷத்துல எத்தன மணி நேரம், எந்த சீசன்ல? கம்பி மாத்துறது, டைனமிக் ரேட்டிங், பேட்டரி மூணையும் தனித்தனியாவும் சேத்தும் ஓட்டிப் பாத்த லோட் ஃப்ளோ ஸ்டடி (எந்த லைன்ல எவ்ளோ கரண்ட் போகும்ங்குற கணக்கு) எங்க? "பரிசீலிக்கப்பட்டது, ஏற்புடையதல்ல"ன்னு ஒரே வரில எழுதியிருந்தா விடாதீங்க, நம்பர் கேளுங்க. நிஜமாவே வோல்டேஜ் பிரச்சனைன்னு நம்பர் காட்டினாங்கன்னா அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு, அப்போ புது லைன் எந்தப் பக்கம் போகணும்ங்குறதுல சண்ட போடுங்க.

கம்பிக்காரன்:
நான் ஒண்ணு சேக்கறேன். கம்பி மாத்த ஒத்துக்கிட்டாங்கன்னா, வேலைக்கு எல்சி (லைன்ல கரண்ட நிறுத்தி வேலை செய்யற அனுமதி) எப்போ எடுக்கப் போறாங்க, கம்பி சுத்தின டிரம்ம எந்த வழியா கொண்டு வருவாங்க, இழுக்கற மெஷின எங்க நிறுத்துவாங்கன்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. கூடு கட்டுற சீசன்ல வராம பாத்துக்கலாம், இருக்கற ரோட்டுப் பக்கமே மெஷின வைக்க வெக்கலாம். எடுத்த பழைய அலுமினியம் அப்படியே உருக்கிப் பயன்படுத்தலாம், புதுசா எடுக்கறதுல 5 சதவீத எனர்ஜிதான் ஆகும், அதனால காட்டுல போட்டுட்டுப் போக மாட்டாங்க, காசு. ஆனா பெயிண்ட் அப்படி இல்ல. பழைய டவர் பெயிண்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு இருக்கு, டவர பலப்படுத்தும்போது சுரண்டுவாங்க, அது செதில் செதிலா கீழ மண்ணுல விழும். டவர் காலச் சுத்தி ஷீட் விரிச்சு அள்ளிக்கிட்டுப் போகணும்னு டெண்டர்லயே எழுத வைங்க, அப்புறமா சைட்ல போய் சொன்னா எவனும் கேக்க மாட்டான்.